தொலையும் பொட்டலமும் தொலையாத தரவும்

இணையத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஐபி நெறிமுறை யாருக்கும் எந்த உறுதியும் தருவதில்லை. அனுப்ப வேண்டிய தரவு சிறு சிறு பொட்டலங்களாக அதனிடம் வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் உள்ள முகவரியைப் பார்த்து அடுத்த ரௌட்டருக்குத் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. வழியில் ஒரு ரௌட்டரின் நினைவகம் நிரம்பிவிட்டால், புதிதாக வரும் பொட்டலம் அங்கேயே கைவிடப்படும். அனுப்பியவருக்குத் தகவல் போகும் என்ற உத்தரவாதமும் இல்லை. முன்னே கிளம்பியது பின்னே வரலாம், ஒன்றே இரண்டாக வரலாம், உள்ளே ஒரு பிட் மாறியும் வரலாம். ஆனால் இதே இணையத்தின் வழியாகத்தான் பல கோடி பைட் கொண்ட ஒரு மென்பொருள் கோப்பு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் நம் கணினிக்கு வந்து சேர்கிறது. ஒரு திரைப்படம் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை வரிசை கலையாமல் ஓடுகிறது. உறுதி தராத ஒன்றின் மேல் இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது? கம்பியும் கருவியும் காலப்போக்கில் மேம்பட்டதால் வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அந்த மேம்பாடு உண்மைதான், ஆனால் காரணம் அது அல்ல. நடுவழியை நம்பக் கூடாது, இரண்டு முனைகளில் இருக்கும் கணினிகளே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று சிலர் துணிந்து எடுத்த முடிவிலிருந்து வந்தது அது. அந்த முடிவு சரியானது என்பதற்கு அரை நூற்றாண்டு காலச் சான்று இருக்கிறது.

அன்றைய பொறியாளர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர் எதிராக நினைத்தார்கள். தொலைபேசித் துறையின் அனுபவம் அப்படி. அங்கே கையில் இருக்கும் கருவி எளிமையானது. அறிவும் செலவும் தொலைபேசி நிலையத்தில் குவிந்திருந்தன. இணைப்பின் தரத்துக்கு நிலையமே பொறுப்பு. 1969இல் தொடங்கிய அர்ப்பாநெட் என்ற வலையமைப்பும் ஓரளவு அந்தப் பாதையில்தான் போனது. ஒவ்வொரு ஊரிலும் வைத்திருந்த தனிப் பொட்டலக் கணினிகள் தங்களுக்குள் பிழை பார்த்து, தொலைந்ததை மறுபடி அனுப்பி, தரவைச் சேர்ப்பித்துவிடும். அவற்றோடு இணைந்திருந்த கணினிகள் வலையமைப்பை நம்பிக்கொண்டிருந்தால் போதும். பிரான்ஸில் லூயி பூசான் 1970களின் தொடக்கத்தில் சிக்லாட் என்ற வலையமைப்பை உருவாக்கியபோது இதைத் தலைகீழாக்கினார். அவருடைய வலையமைப்பு பொட்டலங்களைத் தனித்தனியாக, எந்த உறுதியும் இல்லாமல் கடத்தியது. வரிசைப்படுத்துவதும் விட்டுப்போனதைக் கேட்டு வாங்குவதும் முனைக் கணினிகளின் வேலை. இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாத பல வலையமைப்புகளை இணைக்கும் திட்டத்தை 1974 மே மாதம் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதுதான் டிசிபி என்ற நெறிமுறையின் பிறப்பு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 1976இல் அவற்றின் சர்வதேச அமைப்பு எக்ஸ்.25 என்ற தரநிலையை ஏற்றது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் பிழை பார்க்கப்படும், நடுவில் இருக்கும் கருவிகள் ஒவ்வோர் இணைப்பையும் நினைவில் வைத்திருக்கும், பொறுப்பு வலையமைப்புடையது. பல நாடுகளில் அது பல ஆண்டுகள் ஓடவும் செய்தது.

இரண்டில் எது சரி என்பதை வெறும் விருப்பத்தால் தீர்க்க முடியாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல சான்று. அங்கே பல உள் வலையமைப்புகளை இணைக்க இடைக் கணினிகள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் பிழை பார்க்கும் ஏற்பாடு இருந்ததால், பயன்படுத்தியவர்கள் அதையே முழுப் பாதுகாப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஓர் இடைக் கணினியில் மட்டும் ஒரு கோளாறு. உள்ளே வந்த தரவை வெளியே போகும் நினைவகத்துக்கு நகலெடுக்கும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு முறை, இரண்டு பைட்டுகள் இடம் மாறிவிடும். கம்பியில் வரும்போது தரவு சரியாக இருந்தது, கம்பியில் போகும்போதும் சோதனையில் தேறியது. கெட்டுப்போனது இரண்டு சோதனைகளுக்கும் நடுவே. ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் அந்த வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்ததில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்தன. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துவைத்துக் கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகிய மூவரும் இதைத் தங்கள் கட்டுரையில் பதிவு செய்தார்கள். 1981இல் மாநாட்டில் படிக்கப்பட்டு 1984இல் இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் தர்க்கம் உடைக்க முடியாதது: ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அனுப்பியதும் பெற்றதும் ஒன்றா என்று கடைசி முனையில் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், அதைப் பார்ப்பது உறுதி என்றால், நடுவழிச் சோதனைகள் வேகத்துக்கு உதவலாம், நம்பகத்துக்கு அவை போதாது. 2000ஆம் ஆண்டில் ஜொனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் உண்மையான இணையப் போக்குவரத்தை ஆராய்ந்து இதற்கு எண்களும் தந்தார்கள். இணைப்புகளில் உள்ள பிழைகாணும் முறை நானூறு கோடியில் ஒன்றைத் தவிர மற்ற பிழைகளைப் பிடித்துவிட வேண்டும். ஆனால் அதைக் கடந்து வந்த பொட்டலங்களில் 1,100க்கு ஒன்று முதல் 32,000க்கு ஒன்று வரை டிசிபியின் முனைச் சோதனையில் தோற்றன. பழுது கம்பியில் மட்டும் இல்லை. ரௌட்டரின் நினைவகத்தில், மென்பொருளில், முனைக் கணினியின் உள்ளேயேகூட இருந்தது.

டிசிபி செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதன் நுட்பம்தான் ஆழமானது. ஓடிவரும் தரவின் ஒவ்வொரு பைட்டுக்கும் அது ஓர் எண் தருகிறது. ஒரு பொட்டலம் தன் முதல் பைட்டின் எண்ணைத் தலைப்பில் சுமந்து செல்லும். பெறும் கணினி, ‘இந்த எண்ணுக்கு முன்வரை எல்லாம் வந்துவிட்டது, அடுத்து இதை எதிர்பார்க்கிறேன்’ என்று பதில் அனுப்பும். பதிவுத் தபாலோடு போய்த் திரும்பிவரும் ஒப்புகை அட்டையைப் போன்றது இது. ஒரு வேறுபாடு முக்கியம்: ஒவ்வொரு ஒப்புகையும் அதற்கு முன் வந்த அனைத்தையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறது. ஆகவே நடுவில் ஓர் ஒப்புகை தொலைந்தால் பெரிய இழப்பில்லை, அடுத்தது அதையும் உள்ளடக்கிவிடும். வரிசை மாறி வந்த பொட்டலத்தை எண்ணைப் பார்த்து உரிய இடத்தில் வைக்கலாம். இரண்டாம் முறை வந்ததைத் தூக்கியெறியலாம். இடையில் விடுபட்டதற்காகக் காத்திருக்கலாம். அனுப்பிய கணினி, ஒப்புகை வரும்வரை தன் பிரதியை அழிக்காமல் வைத்திருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஒரே ஒப்புகை எண் கூடுதலாக மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தால், பின்னால் போனவை சேர்ந்துவிட்டன, நடுவில் ஒன்று மட்டும் தவறிவிட்டது என்று ஊகித்து, நேரம் முடியும்வரை காத்திராமல் அதை அனுப்பிவிடும்.

பேச்சைத் தொடங்குவதற்கே மூன்று பொட்டலங்கள் தேவைப்படுகின்றன. ஒரு முனை தன் தொடக்க எண்ணைச் சொல்கிறது. மறுமுனை அதை ஒப்புக்கொண்டு தன் தொடக்க எண்ணைச் சொல்கிறது. முதல் முனை அதை ஒப்புக்கொள்கிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் இந்தச் சடங்கு வேண்டாமே என்று கேட்கலாம். ஆனால் முடிந்துபோன பழைய இணைப்பின் பொட்டலம் ஒன்று எங்கோ சுற்றிக்கொண்டிருந்து, புதிய இணைப்புக்குள் நுழைந்து, எண் பொருந்திவிட்டதால் ஏற்கப்பட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. மின்னஞ்சல் முகவரிக்கு ‘அட்’ குறியைத் தேர்ந்தெடுத்த ரே டாம்லின்சன்தான் 1975இல் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்து மும்முறைப் பரிமாற்றத்துக்கு வழி காட்டினார். பெறுபவர் தன்னிடம் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு பதிலிலும் சொல்கிறார். சாளரம் எனப்படும் இந்த அளவுக்கு மேல் ஒப்புகை இல்லாமல் அனுப்பக் கூடாது. பழைய வடிவத்தில் சாளரத்தின் உச்சவரம்பு 65,535 பைட். போய்த் திரும்ப ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் தொலைவில், கம்பி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் நொடிக்கு 26 லட்சம் பிட்டுக்கு மேல் போக முடியாது. அதனால்தான் 1992இல் சாளரத்தைப் பெருக்கிக்கொள்ளும் விருப்பம் சேர்க்கப்பட்டது. மாற்றம் நடந்த இடத்தைக் கவனியுங்கள்: இரண்டு முனைகளில் மட்டும். நடுவில் இருந்த ஒரு ரௌட்டரையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இந்த வடிவமைப்பின் மேல் வைக்கப்படும் மிகக் கடுமையான ஆட்சேபம், முனைகள் தங்கள் காரியத்தை மட்டும் பார்த்தால் நடுவழியின் கதி என்ன என்பது. இது கற்பனை ஆட்சேபம் அல்ல. 1983 ஜனவரி 1ஆம் தேதி அர்ப்பாநெட் முழுவதும் டிசிபி, ஐபி இரண்டுக்கும் மாறியது. அடுத்த ஆண்டே ஜான் நேகல், இந்த வகை வலையமைப்பு நெரிசலில் முடங்கிப்போகும் என்று எழுதி எச்சரித்தார். 1986 அக்டோபரில் அது நடந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. எண்ணூறில் ஒரு பங்கு! கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. நெரிசலில் பொட்டலம் தாமதமாகிறது, அனுப்பியவர் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்புகிறார், அதனால் நெரிசல் கூடுகிறது, இன்னும் தாமதமாகிறது. எல்லாரும் நம்பகத்துக்காகச் செய்த மறுஅனுப்பலே வலையமைப்பை நிரப்பிவிட்டது.

ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து காரணத்தைத் தேடினார். 1988இல் வெளியான கட்டுரையில் அவர் தந்த மருந்தும் முனைகளிலேயே இருந்தது. முதலாவது, காத்திருக்கும் நேரத்தைச் சரியாகக் கணிப்பது. பதில் வரச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளக்க வேண்டும். நெரிசல் வரும்போது ஏற்ற இறக்கமும் பெருகும், அதைக் கணக்கில் சேர்க்காதவர் அவசரப்பட்டு மறுபடி அனுப்பிவிடுவார். இரண்டாவது, தொலைந்த பொட்டலத்தையே செய்தியாகப் படிப்பது. அது தொலைந்ததென்றால் வழியில் எங்கோ நெரிசல். ஆகவே அனுப்பும் அளவைப் பாதியாகக் குறை. நிலைமை சீரானபின் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் கூட்டு. குறைப்பது வேகமாக, கூட்டுவது நிதானமாக. புதிய இணைப்பு எடுத்த எடுப்பில் சாளரம் முழுவதையும் கொட்டிவிடாமல் ஓரிரு பொட்டலங்களில் தொடங்கி, ஒப்புகை வரவர அளவைப் பெருக்கிக்கொள்ளும். இந்த மாற்றங்கள் பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழியாகப் பரவின. இணையத்தை அன்று காப்பாற்றியது இந்தச் சில விதிகள்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன். புதிய கம்பி போட்டிருந்தால் அது சில மாதங்களில் மறுபடி நிரம்பியிருக்கும்.

நேர்மையற்ற ஒரு கணினி இந்த விதிகளைக் கடைப்பிடிக்காமல் தன் பங்கை மட்டும் பிடுங்கிக்கொண்டால்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. டிசிபியின் நெரிசல் ஒழுங்கு பெரும்பாலும் எல்லாரும் தாங்களாகக் காக்கும் ஒழுங்கு. ஒருவர் ஒரே நேரத்தில் பத்து இணைப்புகளைத் திறந்தால் பத்துப் பேருடைய பங்கு அவருக்குக் கிடைக்கும். இங்கே நடுவழிக்கும் ஒரு வேலை உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தன் வரிசை நீள்வது ரௌட்டருக்குத்தான் முதலில் தெரியும். பொட்டலத்தைக் கைவிடுவதற்குப் பதிலாக அதில் ஒரு குறியிட்டு, முனைகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் முறையை கே.கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் இருவரும் 1980களின் இறுதியில் முன்வைத்தார்கள். பின்னர் ராமகிருஷ்ணன், சாலி ஃபிளாய்ட், டேவிட் பிளாக் ஆகியோரின் முயற்சியில் 2001இல் அது இணையத் தரநிலையானது. ஆனால் அந்த ஏற்பாட்டிலும் ரௌட்டர் எந்த இணைப்பையும் நினைவில் வைப்பதில்லை, எதையும் மறுபடி அனுப்புவதில்லை. கண்டதைச் சொல்கிறது, முடிவெடுப்பது முனை.

கம்பியில்லா இணைப்பு வந்தபோது இன்னொரு ஆட்சேபம் எழுந்தது, இதில் நியாயம் அதிகம். தொலைந்த பொட்டலம் நெரிசலின் அடையாளம் என்பது கம்பிக்குப் பொருந்தும். வானலையில் ஒரு சுவர் குறுக்கே வந்தாலும் பொட்டலம் கெட்டுப்போகும். அதை நெரிசல் என்று தவறாக எடுத்துக்கொண்டு டிசிபி வேகத்தைக் குறைத்தால், காலியாக இருக்கும் பாதையில் தேவையில்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு பெர்க்லியில் ஆய்வு செய்த ஹரி பாலகிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் 1995இல் ஒரு தீர்வைக் காட்டினார்கள். கம்பி முடிந்து வானலை தொடங்கும் நிலையம், கடந்துபோகும் பொட்டலங்களின் பிரதிகளைச் சிறிது நேரம் வைத்திருக்கும். வானலையில் தொலைந்தால் தானே திரும்ப அனுப்பிவிடும். தொலைவில் உள்ள முனைக்கு அந்தத் தொந்தரவு எட்டாமல் பார்த்துக்கொள்ளும். இன்றைய வைஃபையும் தன் எல்லைக்குள் ஒப்புகை கேட்டு மறுபடி அனுப்பத்தான் செய்கிறது. எக்ஸ்.25 காரர்கள் சொன்னதுதான் சரி என்று இதற்குப் பொருளா? இல்லை. நிலையத்தில் இருந்த பிரதிகள் அழிந்துபோனாலும் தரவு தொலையாது. முனையில் இருக்கும் மூலப் பிரதியிலிருந்து மறுபடி வரும், வேகம் மட்டும் குறையும். சால்ட்சரும் தோழர்களும் நடுவழி உதவிக்கு ஒதுக்கிய இடம் இதுதான். பொறுப்பு நடுவில் இருந்தால் நடுக்கருவி விழும்போது இணைப்பும் விழும். பொறுப்பு முனையில் இருந்தால், முனை விழும்போதுதான் அது போகும். முனையே இல்லாதபோது அந்த இணைப்பு யாருக்கும் தேவையில்லை. டேவிட் கிளார்க் 1988இல் இணைய வடிவமைப்பின் முதன்மை நோக்கங்களை விளக்கியபோது தந்த நியாயம் இது.

எல்லாவற்றையும் உறுதியாகச் சேர்ப்பித்தே தீர வேண்டுமா என்பதும் முனை தீர்மானிக்க வேண்டிய விஷயம். தொலைபேசி உரையாடலில் தவறிய ஓர் அசைக்காகக் காத்திருந்து, அது வந்தபின் பேச்சைத் தொடர்ந்தால் கேட்பவருக்குப் பயனில்லை. அந்த அசையை விட்டுவிட்டு மேலே போவதே நல்லது. தொடக்கத்தில் டிசிபி ஒரே பெரிய நெறிமுறையாக இருந்தது. குரல் அனுப்பும் ஆய்வில் ஈடுபட்டிருந்த டேனி கோஹன், ஜான் போஸ்டல் போன்றவர்களின் வற்புறுத்தலால் 1978இல் அது இரண்டாகப் பிரிந்தது. கடத்துவது ஐபி, உறுதி தருவது டிசிபி. உறுதி வேண்டாதவர்களுக்கு 1980இல் யுடிபி என்ற எளிய நெறிமுறை வந்தது. திரைப்படம் பார்ப்பவருக்குச் சில நொடித் தரவு முன்கூட்டியே வந்து சேமிப்பில் இருப்பதால், தொலைந்ததை மறுபடி வாங்க அவகாசம் உண்டு. ஆகவே காணொளித் தளங்கள் டிசிபியை நம்பியே வளர்ந்தன. நேரடி உரையாடலுக்கு அந்த அவகாசம் இல்லை. நடுவழியே உறுதியைத் திணித்திருந்தால் இந்தத் தேர்வு யாருக்கும் கிடைத்திருக்காது.

இந்தத் தர்க்கத்தை டிசிபியோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. ஒப்புகை வந்துவிட்டது என்றால் மறுமுனையின் இயங்குதளம் தரவை வாங்கி வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அதைப் பயன்படுத்தும் செயலி படித்ததா, சேமித்ததா என்று அது சொல்லவில்லை. 1981இல் வெளியான டிசிபி தரநிலையே இதை ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது. கைப்பேசியில் பணம் அனுப்பும்போது இணைப்பு அறுந்தால், போன கட்டளை நிறைவேறியதா என்று டிசிபியால் சொல்ல முடியாது. மறுபடி அனுப்பினால் இருமுறை பணம் போய்விடலாம், அனுப்பாவிட்டால் போகாமலே இருக்கலாம். அதனால் பணப் பரிமாற்றச் செயலி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லி நிலவரம் கேட்கிறது. பைட்டுக்கு டிசிபி எண் கொடுத்ததைப்போலவே, பணத்துக்குச் செயலி எண் கொடுக்கிறது. டிசிபியின் சரிபார்ப்புத் தொகையும் 16 பிட் மட்டுமே கொண்ட எளிய கூட்டல். ஸ்டோனும் பார்ட்ரிட்ஜும் அதிலிருந்தும் சில பிழைகள் தப்பிவிடும் என்று கணக்கிட்டார்கள். பிழை பொறுக்க முடியாத இடங்களில் கோப்புக்கே வலுவான சரிபார்ப்பு வைப்பது இதனால்தான்.

காலம் போகப் போக நடுவழியில் தடுப்புச்சுவர்களும், முகவரி மாற்றும் பெட்டிகளும், வேகம் கூட்டும் கருவிகளும் நுழைந்தன. அவை டிசிபி தலைப்பைப் படித்தன, சில சமயம் திருத்தின. தங்களுக்குத் தெரியாத புதிய குறிப்பு இருந்தால் பொட்டலத்தை வீசவும் செய்தன. முனைகளில் ஒரு சிறு மேம்பாடு செய்வதுகூடக் கடினமாயிற்று. கூகுளில் ஜிம் ராஸ்கைண்ட் 2012இல் தொடங்கிய குவிக் நெறிமுறை இதற்குப் பதில். 2021 மே மாதம் அது இணையத் தரநிலையாயிற்று. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறையின், அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு அதன் மேல்தான் ஓடுகிறது. குவிக், உறுதி தராத யுடிபியின் மேல் அமர்ந்து, டிசிபி செய்த வேலைகளையெல்லாம் தானே செய்கிறது. ஒரே இணைப்பில் பல தரவோட்டங்களைக் கொண்டுபோவதால், ஒன்றில் பொட்டலம் தொலைந்தால் மற்றவை நிற்க வேண்டியதில்லை. மறுபடி அனுப்பும் பொட்டலத்துக்குப் புது எண் தருவதால், வந்த ஒப்புகை முதல் முறை அனுப்பியதற்கா, இரண்டாம் முறை அனுப்பியதற்கா என்று டிசிபியை நெடுங்காலம் குழப்பிய கேள்வியும் இல்லை. ஒப்புகை முதற்கொண்டு ஏறக்குறைய எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் நடுவழிப் பெட்டிகளால் அதைப் படிக்கவோ திருத்தவோ இயலாது. டிசிபி இயங்குதளத்துக்குள் இருந்ததால் அதில் ஒரு மாற்றம் பரவப் பல ஆண்டுகள் ஆயின. குவிக் பெரும்பாலும் உலாவிக்குள்ளும் செயலிக்குள்ளும் இருப்பதால் அவற்றின் வழக்கமான புதுப்பிப்போடு தானும் மாறிக்கொள்கிறது.